பழைய காரில் இரவுச் சாலை தெரியவில்லையா? பாலிஷ், புது டூம், எல்.இ.டி., புதுக் கண்ணாடி: எதற்குச் செலவழிக்கலாம்

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய சின்னக் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் அடிக்கடி சிக்கிக்கொள்ளும் இடம் இது. பகலில் வண்டியில் ஒரு குறையும் இல்லை. இருட்டியதும் சாலை தெரியவில்லை. மழையும் சேர்ந்துவிட்டால் எதிர் வண்டியின் வெளிச்சம் கண்ணாடி முழுக்கச் சிதறி, நடுக்கோடு எங்கே, ஓரம் எங்கே என்றே புரிவதில்லை. எலக்ட்ரீஷியனிடம் போனால் எல்.இ.டி. பல்ப் மாட்டச் சொல்கிறார். கார் வாஷ் கடையில் ஹெட்லைட் பாலிஷ் போதும் என்கிறார்கள். ஸ்பேர் கடைக்காரர் டூமை, அதாவது ஹெட்லைட் கூட்டையே முழுதாக, ஜோடியாக மாற்றச் சொல்கிறார். கண்ணாடி மாட்டுபவரோ முன் கண்ணாடியே போய்விட்டது என்கிறார். நாலு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கலாம். ஆனால் உங்கள் வண்டிக்கு எது உண்மை என்பதை நீங்கள்தான் பார்த்தாக வேண்டும்.

பல்பிலிருந்து கிளம்பும் வெளிச்சம் விளக்குக்குள் இருக்கும் வெள்ளிப்பூச்சுக் கிண்ணமான ரிஃப்ளெக்டரில் பட்டு, விளக்கின் முன்மூடியான முகப்பைத் தாண்டி, சாலையில் விழுந்து, திரும்பி வந்து, முன் கண்ணாடி வழியாக நம் கண்ணை அடைகிறது. இந்த வழியில் எங்கே தொலைகிறது என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. குறை ஓரிடத்தில் இருக்க, பணம் வேறோர் இடத்தில் போய்விடுகிறது. அதிலும் மங்கிய முகப்புக்குப் பின்னால் எல்.இ.டி. பல்ப் மாட்டுவதுதான் இருப்பதிலேயே மோசமான தேர்வு. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல், எவ்வளவு தூரம் கூடுதலாகத் தெரியும் என்பது. வண்டிக்கு முன்னால் பளிச்சென்று இருக்கிறதா என்பது வேறு, தொலைவு தெரிகிறதா என்பது வேறு. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறது. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்றால் அதற்குள் 33 மீட்டர் கடந்துவிடும். காய்ந்த சாலையில் நல்ல பிரேக் பிடித்தாலும் நிற்க இன்னொரு 35 மீட்டர் வேண்டும். மொத்தம் 68 மீட்டர். நல்ல நிலையில் இருக்கும் ஹாலோஜன் டிம் வெளிச்சத்தில்கூட, கறுப்புச் சட்டையில் நடப்பவர் 50, 60 மீட்டரைத் தாண்டித் தெரிவது கடினம். விளக்கு பாதியாக மங்கிய வண்டியில் அந்த வேகம் போவது கண்ணைக் கட்டிக்கொண்டு போவதுதான். 60 கிலோமீட்டர் வேகத்தில் இதே கணக்கு 45 மீட்டருக்கு இறங்கும். எனவே வேலை முடியும்வரை இரவில் வேகத்தைக் குறைப்பது செலவே இல்லாத, உடனே செய்யக்கூடிய பழுதுபார்ப்பு.

இரண்டாவது, அந்தப் பலன் எத்தனை நாள் நிற்கும். மூன்றாவது, எதிரே வருபவரின் கண்ணுக்கு என்ன ஆகும். நமக்கு நன்றாகத் தெரிகிறது என்பதற்காக எதிரே பைக்கில் வருபவரைக் குருடாக்க நமக்கு உரிமை இல்லை. அவர் தடுமாறினால் மோதப்போவது நம் வண்டியில்தான்.

நான்காவது, பில்லில் வராத செலவு: இன்சூரன்ஸ் போனஸ், மறுபடி செய்ய வேண்டிய வேலை, எஃப்.சி. என்ற தகுதிச் சோதனையில் வரும் சிக்கல். ஐந்தாவது, இந்த வண்டியை இன்னும் எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். பதினான்காவது வருடத்தில் இருக்கும் காருக்கும் ஒன்பதாவது வருடத்தில் இருக்கும் காருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

## செலவுக்கு முன்னால் ஒரு மாலைப்பொழுது

இருட்டும் நேரத்தில் ஒரு சுவருக்கு எதிரே, சமதளத்தில், 25 அடி தள்ளி வண்டியை நிறுத்துங்கள். டயரில் சரியான காற்று இருக்கட்டும். இனி வரிசையாகப் பாருங்கள்.

ஸ்டியரிங் பக்கத்தில் ஹெட்லைட் உயரத்தை மாற்றும் சின்ன உருளை இருந்தால் அதில் எந்த எண் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். 0 என்பது ஆள் குறைவாக இருக்கும்போது வைக்க வேண்டியது. எண் கூடக்கூட வெளிச்சம் தரையை நோக்கி இறங்கும். முந்தைய உரிமையாளர் குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது 3-இல் வைத்துவிட்டு அப்படியே விற்றிருந்தால், உங்கள் வண்டியின் வெளிச்சம் இத்தனை நாளும் பம்பருக்கு முன்னால்தான் விழுந்திருக்கும். அதைத் திருப்பச் செலவு ஏதும் இல்லை.

அடுத்து, விளக்கின் நடுப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, சுவரில் அதே உயரத்தில் கோடு போடுங்கள். டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு ஏறக்குறைய 3 அங்குலம் கீழே இருக்க வேண்டும். அதாவது ஒரு சதவீதச் சரிவு. வண்டிக் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். விளிம்பு தெளிவாக, இடது பக்கம் மட்டும் சற்று ஏறி இருந்தால் விளக்கு ஒழுங்காக வேலை செய்கிறது. நாம் சாலையின் இடது பக்கம் போகிறவர்கள் என்பதால் ஓரத்தைக் காட்டுவதற்காக அந்த ஏற்றம். விளிம்பே இல்லாமல் சுவர் முழுக்கப் பரவிய மூட்டமாக இருந்தால் முகப்போ ரிஃப்ளெக்டரோ கெட்டிருக்கிறது.

விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் அடித்து முகப்புக்கு உள்ளே பாருங்கள். முகப்பின் வெளிப்பரப்பு மஞ்சளாகவும் சொரசொரப்பாகவும் இருந்து, உள்ளே வெள்ளிப்பூச்சு பளபளவென்று இருந்தால் பாலிஷால் பலன் உண்டு. உள்ளே பூச்சு கருத்திருந்தால், உரிந்திருந்தால், நீர்க்கோடு விழுந்திருந்தால் வெளியே எவ்வளவு தேய்த்தாலும் வீண்.

பிறகு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, யாரையாவது எதிரே நின்று டார்ச்சைக் கண்ணாடி மேல் காட்டச் சொல்லுங்கள். வைப்பர் போகும் வழியிலேயே வில் வில்லாகக் கோடுகள் மின்னினால் அது கீறல். கண்ணாடி முழுக்கப் பொடிப்பொடியாக மின்னினால் நெடுஞ்சாலை மணலும் சரளையும் அடித்த குழிகள். வட்ட வட்டமாக வெள்ளைக் கறை என்றால் போர்வெல் தண்ணீரின் உப்பு. உள்பக்கத்தில் விரலால் தடவி, விரல் பிசுபிசுத்தால் டாஷ்போர்டு பாலிஷிலிருந்தும் பிளாஸ்டிக்கிலிருந்தும் எழுந்து படிந்த எண்ணெய்ப் படலம்.

இந்தச் சோதனை முடிந்தால் கீழே உள்ளதில் பாதியை நீங்கள் படிக்கவே வேண்டியிருக்காது.

## விளக்கு: நான்கு வழிகள்

### 1. முகப்பைத் தேய்த்துப் பாலிஷ் போடுவது

அம்பாசடர் காலத்து வட்ட விளக்குகளுக்குக் கண்ணாடி முகப்பு. அது மஞ்சளாகாது. இப்போதைய முகப்புகள் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். புதிதாக வரும்போது அதன்மேல் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கடினப் பூச்சு இருக்கும். நம் ஊர் வெயிலில் வருடக்கணக்கில் நிற்கும் வண்டியில் அந்தப் பூச்சு பொரிந்து போய், அடியில் உள்ள பிளாஸ்டிக் வெயிலில் வெந்து மஞ்சளாகிறது. வெளிச்சம் குறைவதோடு விஷயம் முடிவதில்லை. மீதி வெளிச்சமும் கண்டபடி சிதறி, சாலையில் விழ வேண்டியது எதிரே வருபவர் கண்ணில் விழுகிறது.

அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. 2018-இல் வெளியிட்ட சோதனையில், மங்கிய விளக்குகள் புது விளக்கின் வெளிச்சத்தில் சுமார் 20 சதவீதமே தந்தன. தேய்த்துச் சீர்செய்தபோது அது 70 சதவீதம் அளவுக்குத் திரும்பியது. சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்தைச் சற்றுத் தாண்டிய செலவுக்கு இவ்வளவு பலன் தரும் வேலை காரில் வேறு இல்லை.

ஆனால் எப்படிச் செய்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தண்ணீர் விட்டு 800, 1500, 2000, 3000 என்று படிப்படியாக வாட்டர் பேப்பர் போட்டு, காம்பவுண்டு வைத்துப் பாலிஷ் செய்து, கடைசியில் புற ஊதாத் தடுப்புப் பூச்சு அடிக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் மலிவான கடைகள் விட்டுவிடுகின்றன. பூச்சு இல்லாத முகப்பு அன்று மாலை புதிதுபோல இருக்கும், சில மாதத்தில் முன்னைவிட வேகமாக மஞ்சளாகும். டூத்பேஸ்ட் தேய்ப்பதும் அப்படித்தான். வெளியூர்ப் பயணத்துக்கு முந்தைய நாள் அவசரத்துக்குச் செய்யலாம், அதைச் சிகிச்சை என்று எண்ண வேண்டாம். பூச்சோடு செய்து, வண்டியை நிழலில் நிறுத்தினால் ஒன்றிரண்டு ஆண்டு தாராளமாக வரும். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "கடைசியில் யு.வி. கோட்டிங் அடிப்பீர்களா? எந்த டப்பா என்று காட்டுங்கள்." பதில் மழுப்பலாக இருந்தால் அடுத்த கடைக்குப் போகலாம்.

முகப்பின் உள்பக்கத்தில் மங்கல் இருந்தாலும், பிளாஸ்டிக்குக்குள்ளேயே மயிரிழை விரிசல்கள் ஓடியிருந்தாலும் இது பலிக்காது.

### 2. டூமையே மாற்றுவது

இதற்குள்ளேயே மூன்று தேர்வுகள் இருக்கின்றன. கம்பெனி ஸ்பேர், வெளித் தயாரிப்பு, புதுப்பேட்டை போன்ற இடங்களில் கிடைக்கும் பழைய டூம்.

கம்பெனி டூம்தான் முழு வெளிச்சத்தையும் சரியான விளிம்பையும் திரும்பத் தரும். விலை அதிகம். சின்னக் கார்களுக்கே ஜோடி சில ஆயிரங்களைத் தாண்டும். வெளித் தயாரிப்பு அதில் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கும். மேலே சொன்ன அதே சோதனையில் வெளித் தயாரிப்பு விளக்குகள் அசலின் 83 முதல் 90 சதவீத வெளிச்சம் தந்தாலும், சரியான இடத்தில் வெளிச்சத்தைப் போடுவதில் பின்தங்கின. மேல்பூச்சும் மெல்லியதாக இருந்தால் இரண்டு மூன்று கோடையில் மறுபடி மஞ்சள் எட்டிப் பார்க்கும்.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குபவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சாலையின் வலது பக்கம் ஓட்டும் நாடுகளுக்குச் செய்த டூமில் வெளிச்சம் வலது பக்கம் ஏறும். அதை இங்கே மாட்டினால் ஒவ்வோர் எதிர் வண்டிக்கும் நேராகக் கண்ணில் அடிக்கும். எந்த ஸ்குரூவைத் திருப்பினாலும் அது சரியாகாது.

பழைய டூம் வாங்கலாமா? வாங்கலாம், கண்ணால் பார்த்து வாங்குவதாக இருந்தால் மட்டும். விபத்தில் பின்பக்கம் நசுங்கிய வண்டியிலிருந்து எடுத்த அசல் டூம், புதிய வெளித் தயாரிப்பைவிட நன்றாகவே இருக்கும். மாட்டும் காதுகள் எல்லாம் உடையாமல் இருக்கின்றனவா, ஓரத்தில் பசை போட்டு ஒட்டிய தடம் இருக்கிறதா, உயரம் மாற்றும் ஸ்குரூ சுற்றுகிறதா, உள்ளே பூச்சு பளபளக்கிறதா என்று நான்கையும் பாருங்கள். ஒட்டிய தடம் இருந்தால் முதல் மழையிலேயே உள்ளே தண்ணீர் கோத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஒரே வயதில் இருக்க வேண்டும். ஒன்று பளிச்சென்றும் ஒன்று மஞ்சளாகவும் இருந்தால் மங்கிய பக்கத்தில் இருப்பது இன்னும் தெரியாது.

பில்லில் வராதது: சில மாடல்களில் பம்பரைக் கழற்றினால்தான் டூம் வெளியே வரும். அந்தக் கூலியையும், உடையும் கிளிப்புகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு சுவரில் அளவு பார்க்காமல் வண்டியை வாங்கிக்கொள்ள வேண்டாம்.

### 3. பழைய பல்பும் ஒயரிங்கும்

யாரும் அதிகம் சொல்லாத வழி இது. எனக்கு இதன்மேல் தனி மதிப்பு உண்டு, ஏனென்றால் பழைய கார்களில் பல்ப் வரை மின்சாரமே முழுதாகப் போய்ச் சேர்வதில்லை.

ஹாலோஜன் பல்பின் வெளிச்சம், வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலே நிறையக் குறையும். வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். இன்ஜின் ஓடும்போது பல்ப் ஹோல்டரில் 13 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். துருப்பிடித்த எர்த் (மின்சாரம் வண்டியின் உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு), கருகிய ஸ்விட்ச், மெலிந்த ஒயர் எல்லாம் சேர்ந்து அதை 12-க்குக் கீழே இறக்கிவிடும். மல்டிமீட்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனிடம் பேட்டரியிலும் ஹோல்டரிலும் அளந்து காட்டச் சொல்லுங்கள். இரண்டுக்கும் இடையே ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எர்த்தைச் சுத்தம் செய்து, பேட்டரியிலிருந்து பல்புக்கு நேரடியாக மின்சாரம் கொடுக்கும், ஃபியூஸ் வைத்த ரிலே ஒயரிங் கிட் போட்டாலே அதே பல்ப் வேறு பல்பாகத் தெரியும். கிட்டின் விலை ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

பல்பும் வயதானால் மங்கும். நல்ல கம்பெனியின் எச்4 வகை ஜோடி (பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55 வாட்) சில நூறு ரூபாய்தான். மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பல்பின் கண்ணாடியை விரலால் தொடக் கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடம் அதிகமாகச் சூடேறி பல்ப் சீக்கிரம் போகும். 100/90 வாட் பல்ப் போடச் சொல்பவரைக் கேட்காதீர்கள். ஹோல்டர் உருகும், ஒயர் சூடாகும், ரிஃப்ளெக்டரின் பூச்சு கருகும். டூம் மாற்றும் செலவை நாமே வரவழைப்பதாகிவிடும்.

### 4. ஹாலோஜன் டூமில் எல்.இ.டி. பல்ப்

ரிஃப்ளெக்டர் ஹாலோஜன் பல்பின் மெல்லிய இழையை மனதில் வைத்து வளைக்கப்பட்டது. அந்த இழை இருக்கும் இடம் ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் வெளிச்சம் விழும் இடம் மாறும். எல்.இ.டி. பல்பில் இழை இல்லை. இரண்டு பக்கமும் ஒட்டிய தட்டையான சிப்புகள்தான். வெளிச்சம் நிறையவே வரும், ஆனால் ரிஃப்ளெக்டர் அதைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோகாது.

ஓட்டுபவருக்கு முதல் நாள் மிகவும் பிடிக்கும். காருக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டர் பால்போல வெள்ளையாக இருக்கும். அந்த வெளிச்சத்துக்குக் கண் பழகிவிடுவதால் தொலைவு இன்னும் இருண்டுபோகும். ஈரச் சாலையில் வெள்ளை வெளிச்சம் எதிர்ப்பக்கம் வழுக்கிப் போய், நமக்குத் தார் கறுப்பாகவே நிற்கும். முகப்பும் மங்கி இருந்தால் சிதறல் இரட்டிப்பாகி, எதிரே வருபவர் நீங்கள் பிரைட்டில் வருவதாக நினைத்துத் தாமும் பிரைட்டைப் போடுவார். கடைசியில் இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது.

பின்னால் வரும் தொல்லைகள் தனி. பல்பின் ஃபேன் மூடிக்குள் அடங்காததால் ரப்பர் மூடியை வெட்டிவிடுகிறார்கள். அதன் வழியே தூசியும் ஈரமும் புகுந்து ரிஃப்ளெக்டர் கெடுகிறது. ஃபேன் நின்றால் பல்ப் போகும். கம்பெனி அமைப்பை மாற்றிய விளக்கை எஃப்.சி.யில் கழற்றச் சொல்லலாம், சாலையில் அபராதமும் போடலாம். எல்.இ.டி.யோடு கம்பெனியிலிருந்து வந்த வண்டியின் விளக்கு வேறு. அங்கே ரிஃப்ளெக்டரையும் லென்ஸையும் அதற்காகவே செய்திருக்கிறார்கள். பழைய ஹாலோஜன் டூமுக்கு இது சிறந்த தேர்வாக இருக்கும் சூழ்நிலை ஒன்றைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை.

| வழி | செலவு | எத்தனை நாள் | எதிரே வருபவருக்கு | எப்போது சரி |
|---|---|---|---|---|
| பூச்சோடு பாலிஷ் | குறைவு | ஒன்றிரண்டு ஆண்டு | சிதறல் குறையும் | வெளிப்பரப்பு மட்டும் மஞ்சள் |
| கம்பெனி டூம் | மிக அதிகம் | பல ஆண்டு | பாதுகாப்பு | ரிஃப்ளெக்டர் போயிருந்தால், வண்டியை வைத்திருப்பதானால் |
| வெளித் தயாரிப்பு டூம் | நடுத்தரம் | சில ஆண்டு | அளவு பார்த்தால் பரவாயில்லை | கையில் பணம் குறைவானால் |
| பழைய அசல் டூம் | குறைவு முதல் நடுத்தரம் | நிலையைப் பொறுத்தது | பாதுகாப்பு | நேரில் பார்த்து எடுக்க முடிந்தால் |
| புது பல்பும் ரிலேயும் | குறைவு | பல ஆண்டு, பல்ப் மட்டும் மாறும் | பாதுகாப்பு | முகப்பு நன்றாக இருந்தும் மங்கினால் |
| எல்.இ.டி. பல்ப் | குறைவு முதல் நடுத்தரம் | நிச்சயமில்லை | மோசம் | பரிந்துரைக்க மாட்டேன் |

## கண்ணாடி: சுத்தம், பாலிஷ், ரெசின், மாற்றம்

### முதலில் சுத்தமும் வைப்பரும்

கண்ணாடி போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லப்பட்ட வண்டிகளில் கணிசமானவற்றுக்கு வேண்டியது சுத்தம் மட்டுமே. உப்புக் கறைக்கு வினிகரில் சமஅளவு தண்ணீர் கலந்து, நிழலில் வைத்துத் துணியால் ஊறவிட்டுத் துடைத்து, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பெயின்ட்டில் நிற்க விடாதீர்கள். உள்பக்க எண்ணெய்ப் படலத்துக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியும். டாஷ்போர்டில் பளபளக்கும் பாலிஷ் அடிப்பதை நிறுத்தினால் படலம் மறுபடி படிவதும் குறையும். கழுவி இரண்டு நாளில் திரும்பவும் பிசுபிசுப்பும், ஏசி துவாரத்தில் இனிப்பு வாடையும் வந்தால் ஹீட்டரில் கூலன்ட் கசிகிறது. அது கண்ணாடிக்காரர் வேலை இல்லை, மெக்கானிக் வேலை.

வைப்பர் ரப்பர் நம் வெயிலில் ஒரு வருடம் உருப்படியாக இருந்தாலே அதிகம். ஐப்பசி மழை பிடிக்கும் முன் மாற்றிவிடுவது நல்ல வழக்கம். புது ரப்பர் போட்டும் நடுவில் பட்டையாகத் தண்ணீர் நின்றால் வைப்பர் கையின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். தூசி படிந்த காய்ந்த கண்ணாடியில் வைப்பரைப் போடுவதுதான் கீறலுக்கு முதல் காரணம். தண்ணீர் அடிக்கும் குழாய்த் துளை அடைத்திருந்தால் ஊசியால் எடுத்துவிடுங்கள்.

மழையில் மூட்டம் போட்டால், உள்பக்கமா வெளிப்பக்கமா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். உள்பக்கம் என்றால் ஏசியைப் போட்டு, வெளிக்காற்று வரும்படி நெம்புகோலை மாற்றுங்கள். வெளிப்பக்கம் என்றால் கண்ணாடி அளவுக்கு மீறிக் குளிர்ந்திருக்கிறது. வைப்பரை ஒருமுறை ஓட்டி, ஏசிக் குளிரைக் குறைத்தால் போதும்.

முந்தைய உரிமையாளர் ஒட்டிய சன் ஃபிலிமையும் பாருங்கள். முன், பின் கண்ணாடிகளில் குறைந்தது 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது விதி. கறுப்பு ஃபிலிமுக்கு எதிராக 2012-இல் உச்ச நீதிமன்றமே உத்தரவு போட்டிருக்கிறது. உரித்த பிறகு மிஞ்சும் பசையைச் சுத்தமாக எடுங்கள். இரவில் சிதறலுக்கு அதுவும் ஒரு காரணம்.

### கண்ணாடிப் பாலிஷ்

நகத்தைக் கீறலின் குறுக்கே ஓட்டுங்கள். நகம் தட்டாவிட்டால் சீரியம் ஆக்ஸைடு வைத்துப் பாலிஷ் செய்து குறைக்கலாம். நகம் தட்டினால் வேண்டாம். ஆழமான கீறலை எடுக்க ஓரிடத்தையே அதிகமாகத் தேய்ப்பார்கள். அங்கே கண்ணாடி குழிந்து, பார்க்கும் காட்சியே வளைந்து தெரியும். ஓட்டுநருக்கு நேர் எதிரே அப்படி ஆனால் கீறலே மேல். சூடு அதிகமானால் விரிசல் விடவும் வாய்ப்பு உண்டு. பழகிய கை என்றால் மட்டும் கொடுங்கள்.

### ரெசின் போடுவது

முன் கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்தது. கல் பட்டு வெளித்தகட்டில் நட்சத்திரம் போன்ற சின்ன விரிசல் விழுந்தால் ரெசின் என்ற பசைத் திரவத்தைச் செலுத்தி, புற ஊதா விளக்கால் இறுக்கி, பரவாமல் நிறுத்தலாம். நாணய அளவுக்குள் இருக்க வேண்டும், ஓரத்தைத் தொடக் கூடாது, ஓட்டுநரின் நேர்ப்பார்வையில் இருக்கக் கூடாது. சரிசெய்தாலும் மெல்லிய தடம் மிஞ்சும். கல் பட்ட உடனே செலோடேப் ஒட்டி, தூசியும் தண்ணீரும் போகாமல் காப்பாற்றுங்கள். வெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் சட்டென்று ஏசியை முழுவேகத்தில் அடித்தால் நட்சத்திரம் கோடாகிவிடும். பக்கக் கண்ணாடிகளுக்கு இந்த வசதி இல்லை. அவை உடைந்தால் பொடியாகிவிடும்.

### புதுக் கண்ணாடி

பொடிக் குழிகள் நிறைந்த கண்ணாடிக்கு வேறு மருந்து இல்லை. நெடுஞ்சாலையில் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய வண்டியில் விளக்கு, வைப்பர் எல்லாம் சரிசெய்தும் எதிர் வெளிச்சம் நட்சத்திரமாகச் சிதறினால் காரணம் இதுதான். மாற்றிய அன்று இரவே வித்தியாசம் தெரியும்.

மறைந்திருக்கும் செலவும் இங்கேதான் அதிகம். பழைய கண்ணாடியை அறுத்து எடுத்ததும் சட்டத்தில் துரு இருப்பது தெரியவரலாம், அதைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்காமல் ஒட்டினால் மழையில் கசியும். ஓர ரப்பர், கிளிப், பசை எல்லாம் விலையில் சேர்ந்தவையா என்று முன்பே கேளுங்கள். ஃபாஸ்டேக் பழைய கண்ணாடியோடு போய்விடும், புதியதற்கு வங்கியிடம் விண்ணப்பிக்க வேண்டும். யூரித்தேன் பசை இறுக, ஒட்டுபவர் சொல்லும் நேரம்வரை வண்டியை எடுக்காதீர்கள். அன்று முழுக்கக் கதவை அறைந்து சாத்தாமல், ஒரு கதவுக் கண்ணாடியைச் சற்று இறக்கி வையுங்கள். விபத்தில் கூரையைத் தாங்கவும், பக்கத்து இருக்கை ஏர்பேக் சாய்ந்து விரியவும் இந்த ஒட்டு உறுதியாக இருக்க வேண்டும். அதனால் கூலியில் பேரம் பேசும் இடம் இது இல்லை.

இன்சூரன்ஸ் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி என்றால் கண்ணாடிக்கு ஒரு பைசாவும் வராது. முழு பாலிசி என்றால் கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்க மாட்டார்கள். 1500 சிசி வரையிலான காரில் கட்டாயக் கழிவு ரூ.1,000 போக மீதி கிடைக்கும். ஆனால் கிளெய்ம் எடுத்தால், கிளெய்ம் எடுக்காத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் போகும். போனஸ் இல்லாமல் சொந்தச் சேதப் பிரீமியம் ரூ.4,000 என்று வைத்துக்கொள்வோம். 50 சதவீத போனஸில் இருப்பவர் ஒரு கிளெய்ம் எடுத்தால் அடுத்த வருடம் 0, அதன்பின் 20, 25, 35, 45 என்றுதான் ஏறுவார். பிரீமியம் மாறாமல் இருந்தால் ஐந்து வருட இழப்பு ரூ.5,000. ஆறாயிரம் ரூபாய்க் கண்ணாடிக்கு இன்சூரன்ஸ் தருவதும் கழிவு போக அதே ரூ.5,000. கிளெய்ம் எடுத்ததில் லாபமே இல்லை. போனஸைக் காக்கும் கூடுதல் கவர் வாங்கியிருந்தால் கணக்கு மாறும்.

புதிதாகப் பழைய கார் வாங்கியவருக்கு நிலைமை வேறு. போனஸ் ஆளுக்கு உரியது, வண்டிக்கு உரியது இல்லை. நீங்கள் 0-வில் தொடங்குவதால் இழக்கப் போவது குறைவு. அதே நேரம், வாங்கும்போதே இருந்த விரிசலுக்குப் பணம் வராது. வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியைப் பெயர் மாற்ற விண்ணப்பிக்காவிட்டால் சொந்தச் சேதக் கிளெய்ம் சிக்கலாகிவிடும்.

## உங்கள் நிலைமை எது

ஊருக்குள் மட்டும், தெருவிளக்கு உள்ள சாலையில் ஓட்டுபவருக்கு முகப்புப் பாலிஷ், வைப்பர், கண்ணாடிச் சுத்தம் மூன்றும் போதும். மாதம் இரண்டு முறையாவது இரவில் சென்னை–திருச்சி மாதிரி நெடுஞ்சாலையில் போகிறவர் ஒயரிங்கை அளந்து பார்த்து ரிலே போட்டு, கண்ணாடியில் குழிகள் இருந்தால் அதையும் மாற்றிவிடுவது நியாயமான செலவு. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி வசிப்பவர்கள் எர்த் துருவை முதலில் சந்தேகிக்கலாம். உப்புக்காற்று அங்கேதான் தன் வேலையைக் காட்டும்.

இன்னும் ஒரு வருடத்தில் விற்கப் போகிறீர்களா? பூச்சோடு பாலிஷ் போடுங்கள், டூம் வாங்காதீர்கள். விற்றால் டூமுக்குப் போட்ட பணம் திரும்பாது. நான்கைந்து வருடம் வைத்திருப்பதாக இருந்து ரிஃப்ளெக்டரும் போயிருந்தால் கம்பெனி டூம் வாங்குங்கள், மலிவானது இரண்டு மூன்று கோடையில் மறுபடி மஞ்சளாகலாம். பதினைந்தாவது ஆண்டு நெருங்கும் வண்டிக்கு, புதுப்பிக்கப் போகிறீர்களா என்று முடிவு செய்த பிறகே கண்ணாடி மாற்றுங்கள்.

கையில் இரண்டாயிரம் ரூபாய்தான் இருக்கிறது என்றால் என் வரிசை இது: வைப்பர், கண்ணாடிச் சுத்தம், பூச்சோடு பாலிஷ், புது எச்4 ஜோடி, சுவரில் அளவு. பேரம் பார்த்துச் செய்தால் அதற்குள் அடங்கும்.

நாற்பத்தைந்து, ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் இதோடு கண் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். கண்புரை தொடங்கும்போது தெரியும் அறிகுறிகளில் எதிர் விளக்கின் சிதறலும் ஒன்று. கண்ணாடி மாற்றியும், டூம் மாற்றியும் சிதறல் அப்படியே இருந்தால், பக்கத்தில் உட்காரும் இளையவரை அதே சாலையில் ஓட்டச் சொல்லிக் கேளுங்கள். அவருக்குத் தெளிவாகத் தெரிகிறது என்றால் வண்டியில் குறை இல்லை. இரவுக்கென்று விற்கும் மஞ்சள் மூக்குக் கண்ணாடிகளை வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். இருட்டில் வரும் கொஞ்ச வெளிச்சத்தையும் அவை குறைக்கும். கண் மருத்துவரைப் பார்க்கும்வரை இரவு ஓட்டத்தை அந்த இளையவரிடமே விட்டுவிடுங்கள்.